மெத்தென்ற குக்கீயும் மலையடிவாரத்து வெல்லமும்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சுற்றுலாப் பயணிகளின் பைகளில் பெரும்பாலும் மூன்று பொட்டலங்கள் இருக்கும். ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் மிளகு, இன்னொன்றில் 'ஹோம் மேட் சாக்லேட்'. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே வருவதற்குள் முதல் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. மூன்றாவது மட்டும் சேலத்து வெயிலைக் கண்டதும் இளகிப்போகும். உருக்குலைந்த சாக்லேட்டை என்ன செய்வது? ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கி, பொடியாக நறுக்கி, மாவில் கலந்து குக்கீ சுட்டுவிடலாம் என்று வீட்டில் யாராவது ஒருவர் கிளம்புவார்.

அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்! அடுப்பிலிருந்து எடுத்தபோது மெத்தென்று இருந்த குக்கீ, மறுநாள் காலையில் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். டீயில் தோய்த்தால்தான் பல் இறங்கும். மாவில் கோளாறா, வெண்ணெயில் கோளாறா, அடுப்பில் கோளாறா என்று வீடே விவாதிக்கும்.

பெரும்பாலும் கோளாறு சர்க்கரையில்தான். எந்தச் சர்க்கரை மறுநாளும் இறுகாமல் இருக்கும் என்ற இந்த ஒரே கேள்விக்காக அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் கோர்ட் படி ஏறின. கடைசியில் 12.5 கோடி டாலர் கைமாறியது. அதே கேள்விக்கான விடை சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஓமலூர்ப் பக்கத்து ஆலைக் கொட்டகைகளில் கொப்பரையில் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

'குக்கீ' நமக்குப் புதிய சொல்லா?

குக்கீ என்றால் அமெரிக்கச் சரக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சொல் அமெரிக்கா வழியாக வந்தது உண்மைதான். ஆனால் அதன் பிறப்பிடம் ஹாலந்து. டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக். 'கூக்யே' என்றால் குட்டிக் கேக். இன்றைய நியூயார்க் அன்று டச்சுக்காரர்களிடம் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரில் இருந்தது. 1664-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. டச்சுக்காரர்களின் ஆட்சி போனாலும் அவர்களின் கூக்யே அங்கேயே தங்கி 'குக்கீ' ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 'பிஸ்கட்' என்று சொல்வதை அமெரிக்காவில் 'குக்கீ' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதே டச்சுக்காரர்கள் அதே காலத்தில் நம் கடற்கரையிலும் இருந்தார்கள். 1610 வாக்கில் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். 1781 வரை நாகப்பட்டினம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் விட்டுப்போன கூக்யே இலங்கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கே சுடும் 'கொக்கிஸ்' என்ற பலகாரத்தின் பெயர் இந்தச் சொல்லிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. அரிசி மாவு, தேங்காய்ப்பால், பூ வடிவ அச்சு, காய்ந்த எண்ணெய்... ஆமாம், நம்மூர் அச்சு முறுக்குதான்! ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு இதையே 'ரோஸ் குக்கீ' என்கிறார்கள்.

போர்ச்சுக்கீசியரும் சும்மா போகவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் பிஸ்கட்டுக்கு விசுக்கோத்து, ரொட்டிக்குப் பாண், ரொட்டி சுடும் அடுப்புக்குப் போறணை. மூன்றும் போர்ச்சுக்கீசியச் சொற்களின் வழி வந்தவை. ஆக, சுட்ட மாவுப் பண்டத்துக்கான சொற்கள் நம் கரைக்கு வந்து நானூறு ஐநூறு வருடங்கள் ஆகின்றன. வீட்டுக்குள் வராதது அடுப்பு மட்டுமே.

மலைக்கு வந்த காப்பியும் ரொட்டியும்

தமிழ்நாட்டுச் சமையலில் வேகவைப்பது, வறுப்பது, பொரிப்பது, கல்லில் சுடுவது எல்லாம் உண்டு. நான்கு பக்கமும் சூடான காற்று சூழ்ந்து மாவை வேகவைக்கும் மூடிய அடுப்பு மட்டும் வீடுகளில் கிடையாது. அது மலை ஊர்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. காரணம், ஐரோப்பியர்கள் வெயிலுக்குப் பயந்து குடியேறிய இடங்கள் அவை.

ஏற்காட்டின் கதையும் அதுதான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன். சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். பேரி, ஆப்பிள் போன்ற பழ மரங்களையும் அவர் வைத்துப் பார்த்தார். பின்னால் எஸ்டேட்டுகள் வந்தன. எஸ்டேட்டுகளோடு பங்களாக்கள், சர்ச்சுகள், கான்வென்ட், 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று வரிசையாக வந்தன. விடுதிப் பள்ளிக்கூடம் என்றால் தினமும் காலையில் ரொட்டி வேண்டும். பங்களா என்றால் மாலை டீக்குக் கேக்கும் பிஸ்கட்டும் வேண்டும்.

பங்களாச் சமையல்காரர்களிடம் எல்லா இடத்திலும் சீமை அடுப்பு இருந்ததா என்றால், இல்லை. கனமான பாத்திரத்தில் மாவை வைத்து, மூடி, கீழேயும் மூடியின் மேலேயும் தணலைப் போட்டுச் சுடுவது அன்றைய இந்தியச் சமையலறைகளில் பரவலாக இருந்த முறை. தம் பிரியாணி போடுகிற அதே வித்தை! சூட்டைக் காட்டும் முள் இல்லை, கடிகாரம் இல்லை. கையை நீட்டிப் பார்த்துச் சூட்டைக் கணித்த அந்தச் சமையல்காரர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் பெயர் மட்டும் தப்பித்தது. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர், 1883-ல் மர்டோக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கிறிஸ்துமஸ் கேக்கைப் பார்த்து அதே மாதிரி சுட்டுக் கொடுத்தார். பிராந்திக்குப் பதில் உள்ளூரில் பழங்களை நொதிக்க வைத்து எடுத்த சரக்கைச் சேர்த்தார் என்று சொல்கிறார்கள். 'சீமைச் சரக்கு கிடைக்காவிட்டால் என்ன, இங்கே இருப்பதை வைத்துச் செய்வோம்' என்ற அந்த யோசனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே மலையில் காலங்காலமாக வாழும் மலையாளி பழங்குடி மக்களின் உணவு ராகியும் சாமையும். காப்பிச் செடிக்கும் பங்களாவுக்கும் வெகு முன்பே அந்த உணவு இங்கே இருந்தது. மைதா ரொட்டியும் பிஸ்கட்டும் மலைக்கு வந்தபோது, அவை முதலில் போய்ச் சேர்ந்தது மேசைக்கு. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களின் தட்டுக்கு இல்லை. கோதுமை இந்தப் பக்கத்துப் பயிரே கிடையாது. மைதா சாதாரணத் தமிழ் வீட்டுக்கு எட்டும் சாமானாக மாறியதில், 1956-ல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தம் மூலம் வந்த அமெரிக்கக் கோதுமைக்குப் பெரிய பங்கு உண்டு.

1938: ஒரு டாலர் குக்கீ

இவ்வளவு பழைய கதையில் சாக்லேட் சிப் குக்கீ எங்கே வருகிறது? ரொம்பத் தாமதமாக! மான்ட்ஃபோர்ட் பள்ளி ஆரம்பித்து 21 வருடம் ஆன பிறகுதான் உலகத்திலேயே முதல் சாக்லேட் சிப் குக்கீ பிரபலமாகிறது. ஏற்காட்டு வெள்ளைக்காரத் துரைமார்களின் முதல் இரண்டு மூன்று தலைமுறைகள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற சிற்றூர். அங்கே 'டோல் ஹவுஸ் இன்' என்ற உணவு விடுதியை 1930-ல் வாங்கி நடத்தியவர்கள் ரூத் வேக்ஃபீல்டும் அவர் கணவரும். மாவில் போடச் சாக்லேட் தீர்ந்துவிட்டது, அவசரத்துக்கு வேறு சாக்லேட்டை உடைத்துப் போட்டார், அது உருகிக் கலக்காமல் துண்டு துண்டாக நின்றுவிட்டது, அப்படித்தான் குக்கீ பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரூத் வேக்ஃபீல்ட் மனையியல் படித்து 1924-ல் பட்டம் பெற்றவர், உணவியல் நிபுணராக வேலை பார்த்தவர், சமையல் புத்தகம் எழுதியவர். விடுதியில் ஐஸ்கிரீமோடு கொடுத்த பழைய குக்கீக்கு மாற்றாகப் புதிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று யோசித்துச் செய்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். ஒரு பெண் யோசித்துக் கண்டுபிடித்ததை 'தற்செயல்' என்று சொல்லிவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம் போலிருக்கிறது.

அவருடைய புத்தகத்தின் 1938 பதிப்பில் இந்தக் குக்கீ இடம்பெற்றது. 1939-ல் நெஸ்லே நிறுவனம், தன் சாக்லேட் உறையில் அந்தக் குறிப்பையும் டோல் ஹவுஸ் பெயரையும் அச்சிடும் உரிமையைப் பெற்றது. விலை? ஒரு டாலர்! கூடவே ஆயுள் முழுக்கச் சாக்லேட் தருவதாகவும் பேச்சு என்பார்கள். சீக்கிரமே குக்கீக்கென்றே சின்னச் சின்னத் துளிகளாகச் சாக்லேட்டை விற்க ஆரம்பித்தார்கள். 'சிப்ஸ்' என்றதும் நமக்கு நேந்திரங்காயும் உருளைக்கிழங்கும் நினைவுக்கு வருவது வேறு விஷயம்!

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ரூத் வேக்ஃபீல்ட் அந்தக் குக்கீக்கு வைத்த பெயரிலேயே 'கிரன்ச்' என்ற சொல் இருந்தது. அதாவது மொறுமொறு. முதல் சாக்லேட் சிப் குக்கீ மெத்தென்று இருக்கவே இல்லை. மென்மை பின்னால் வந்த ஆசை. நம்மூருக்கு 1990-களில் வந்த 'ஹைட் அண்ட் சீக்' பிஸ்கட்டும் மொறுமொறு ரகம்தான்.

சாக்லேட் வந்த வழி

குக்கீக்குள் போகும் சாக்லேட்டின் கதையிலும் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. மொலுக்கஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள அம்போய்னாவிலிருந்து 1798-ல் கொக்கோச் செடிகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. நடப்பட்ட இடம் எது தெரியுமா? நம் குற்றாலம்! கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வாசனைப் பயிர்ச் சோதனைகளில் அதுவும் ஒன்று. ஆனால் சோதனை சோதனையாகவே நின்றுபோனது.

அதற்குப் பிறகு சுமார் 150 வருட மௌனம். கேட்பரி நிறுவனம் 1948-ல் இந்தியாவில் தொழில் ஆரம்பித்தது. 1960-களின் நடுவில்தான் வயநாட்டில் கொக்கோ பயிரிடும் முயற்சியில் அது இறங்கியது. பாக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் ஊடுபயிராகக் கொக்கோ பரவியது. 1973-ல் தொடங்கிய கேம்ப்கோ என்ற விவசாயிகள் கூட்டுறவு அமைப்பு, 1986-ல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தச் சாக்லேட் தொழிற்சாலையே கட்டியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இன்று கொக்கோ விளைகிறது.

ஏற்காட்டில்? விளையாது. கொக்கோ வெப்பமும் ஈரப்பதமும் கேட்கும் மரம். சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிர் அதற்கு ஒத்துவராது. அப்படியானால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலை ஊர்களில் எல்லாம் 'ஹோம் மேட் சாக்லேட்' எப்படிப் பேர் வாங்கியது? சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். சேலத்துக் கோடையில் கடை அலமாரியிலேயே இளகும் பண்டம், மேலே குளிர்சாதனம் இல்லாமலே இறுகி நிற்கும். கட்டிச் சாக்லேட்டைக் கீழிருந்து வாங்கி, உருக்கி, பருப்பும் திராட்சையும் சேர்த்து, அச்சில் ஊற்றி ஆறவிட்டால் வியாபாரம் தயார். மலை கொடுத்தது குளிரை மட்டுமே.

மென்மைக்கு விலை 12.5 கோடி டாலர்

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். 1977-ல் கலிஃபோர்னியாவில் டெபி ஃபீல்ட்ஸ் என்ற இளம்பெண், சுடச்சுட, மெத்தென்ற குக்கீகளை விற்கும் கடையைத் திறந்தார். 'மிஸஸ் ஃபீல்ட்ஸ்' என்ற அந்தக் கடை பல ஊர்களுக்குப் பரவியது. அடுப்பிலிருந்து வந்த குக்கீயின் ருசி தெரிந்தபின் பாக்கெட் பிஸ்கட் சலித்துப்போனது.

பெரிய கம்பெனிகளுக்கு இது தலைவலி. கடையில் சுட்ட குக்கீ அன்றைக்கே விற்றுப்போகும். பாக்கெட்டில் போட்டது மாதக் கணக்கில் அலமாரியில் இருக்க வேண்டும். அதுவரை அதை மென்மையாக வைத்திருப்பது எப்படி? பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1984-ல் பேட்டன்ட் வாங்கியது. ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து! பேட்டன்ட் வந்த சூட்டோடு நபிஸ்கோ, கீப்ளர், ஃபிரிட்டோலே ஆகிய மூன்று கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டது. போட்டியாளர்கள் உளவு பார்த்ததாகவும் குற்றம் சாட்டியது. ஐந்து வருடம் இழுத்த வழக்கு 1989-ல் சமரசத்தில் முடிந்தது. மூன்று கம்பெனிகளும் சேர்ந்து கொடுத்த தொகை 12.5 கோடி டாலர்.

1939-ல் குறிப்பு முழுவதற்கும் ஒரு டாலர். 50 வருடம் கழித்து அதன் மென்மைக்கு மட்டும் 12.5 கோடி! ஒரு பண்டத்தின் மதிப்பு அதன் மாவிலும் வெண்ணெயிலும் இல்லை, அதை யார் பதிவு செய்து பத்திரப்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

சரி, அந்தப் பேட்டன்டுக்குள் இருந்த ரகசியம் என்ன? இரண்டு வகை மாவு. வெளி மாவில் சாதாரண வெள்ளைச் சர்க்கரை, உள் மாவில் எளிதில் படிகமாகாத சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை என்பது கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ். சுடும்போது உருகும். ஆறியதும் மறுபடி படிகமாகக் கூடி இறுகும். மறுநாள் குக்கீ ஓடாவது இதனால்தான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த சர்க்கரைப் பாகு அப்படி எளிதில் கூடாது. அதிலும் ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்கக் கம்பெனிகள் இதற்குச் சோளத்திலிருந்து எடுத்த பாகைப் பயன்படுத்தின.

நம்மிடம் இருந்த விடை

படிகமாக மறுக்கும் சர்க்கரை, ஈரத்தைப் பிடித்து வைக்கும் சர்க்கரை... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து பானையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்காத தமிழ் வீடு உண்டா? வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் சுக்ரோஸோடு ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் வரை குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயல்பாகவே இருக்கின்றன. அதனால்தான் வெல்லப் பாகில் செய்த அதிரசம் நாள் கணக்கில் மெத்தென்று இருக்கிறது. அதிரச மாவைப் பாகோடு பிசைந்ததும் சுடாமல், ஓரிரு நாள் ஊற வைப்பதும் வழக்கம். குக்கீ மாவை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊற வைத்தால் நன்றாக வரும் என்று வெளிநாட்டுச் சமையல் நிபுணர்கள் இன்று சொல்வது பாட்டிகளுக்குப் புதிய செய்தி இல்லை.

சர்க்கரையின் ஊரே இதுதான் என்றாலும் தவறில்லை. சமஸ்கிருத 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாகப் போய் ஐரோப்பாவில் 'ஷுகர்' ஆனது. 'கண்ட' என்ற சொல் 'கேண்டி' ஆனது. நம் கற்கண்டிலும் அதே 'கண்டு' இருக்கிறது. மலையாளத்துச் 'சக்கர' போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து 'ஜாகரி' ஆனது. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் புறநானூற்றின் 99-ஆம் பாடலுக்குப் போகலாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அதில் ஔவையார் சொல்கிறார். அதியமானின் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். சேர்வராயன் மலைக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான்.

பிறகு எங்கே தவறியது? 1842-ல் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை வந்தது. இந்தியாவின் முதல் நவீன சர்க்கரை ஆலை என்று அதைச் சொல்வார்கள். ஆலைச் சர்க்கரை வெள்ளையாக, மணி மணியாக, கசியாமல் இருந்தது. எடை போட, மூட்டை கட்ட, கப்பல் ஏற்ற வசதி. வியாபாரத்துக்கு எது வசதியோ அதுவே 'தரம்' ஆனது. வெள்ளை உயர்ந்தது, பழுப்பு தாழ்ந்தது என்ற எண்ணம் சமையலறைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. விருந்தாளிக்குச் சர்க்கரை போட்ட காப்பி, வீட்டு மனிதர்களுக்கு வெல்லக் காப்பி என்று பிரித்த வீடுகள் எத்தனையோ.

இதில் சோகமான பகுதி இனிமேல்தான். ஓமலூர் வட்டாரத்தில் காய்ச்சும் வெல்லம் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. வாங்குபவர்கள் வெளிர் மஞ்சள் வெல்லத்தைத்தான் கேட்கிறார்கள். அந்த நிறத்துக்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதும், மலிவான வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சுவதும் நடக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலம் மாவட்டத்தில் சோதனை நடத்தி இப்படிப்பட்ட வெல்லத்தைப் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. ஒழுங்காகக் காய்ச்சி, கருத்த வெல்லத்தைக் கொண்டுவரும் ஆலைக்காரருக்கு நிறத்தைக் காட்டி விலை குறைக்கப்பட்டால் அவர் என்ன செய்வார்? வெல்லத்தையும் வெள்ளையாக்கும் ஆசையில், எது அதை வெல்லமாக வைத்திருந்ததோ அதையே இழக்கிறோம்.

இன்னொரு பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் 'பிரவுன் ஷுகர்' என்று சின்னப் பாக்கெட்டில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அதில் பெரும்பாலானவை சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையில் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்கு கரும்புக் கசண்டைத் திரும்பச் சேர்த்தவை. எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பதற்கு ஒரு விலை! குக்கீக் குறிப்பில் 'பிரவுன் ஷுகர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து அதைத் தேடி அலையும் வீட்டில், ஒரு டப்பா நிறைய நாட்டுச் சர்க்கரை சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஏற்காட்டுச் சமையலறையில்

கடைசியாக, வரலாற்றைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். சுமார் 18 குக்கீக்கு: மைதா 150 கிராம், வெண்ணெய் 110 கிராம், நாட்டுச் சர்க்கரை 110 கிராம், வெள்ளைச் சர்க்கரை 30 கிராம், முட்டை ஒன்று, சமையல் சோடா கால் டீஸ்பூனுக்குச் சற்று அதிகம், உப்பு ஒரு சிட்டிகை, நறுக்கிய சாக்லேட் 150 கிராம். வெண்ணெய்க்கு ஊத்துக்குளி இருக்கிறது. முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது. 1997-ல் பிரியும் வரை அதுவும் சேலம் மாவட்டம்தான்!

நாட்டுச் சர்க்கரையைச் சலித்து, இளகிய வெண்ணெயோடு நன்றாகக் குழைத்து, முட்டை சேர்த்து, பிறகு மாவு, சோடா, உப்பு, சாக்லேட் சேர்க்க வேண்டும். மாவு வறண்டு தெரிந்தால் ஒரு ஸ்பூன் பால். ஓர் இரவு ஃப்ரிட்ஜில் மூடி வைக்க வேண்டும். மறுநாள் எலுமிச்சை அளவு உருட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, 190 டிகிரியில் 9 முதல் 11 நிமிடம். ஓரம் சிவந்து நடு இன்னும் வேகாத மாதிரி தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தின் அடியில் மணலோ உப்போ பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடிச் சூடேற்றிச் சுடலாம். பங்களாச் சமையல்காரர்களின் தணல் பாத்திரத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. நேரம்தான் கொஞ்சம் கூடும்.

மலையில் சுடும்போது ஒரு சூட்சுமம். ஏற்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் அங்கே சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மாவிலுள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாகும், சோடாவின் உப்பலும் கூடும். சமவெளிக் குறிப்பை அப்படியே செய்தால் குக்கீ பரந்து, காய்ந்து போகும். அதனால்தான் மேலே சொன்ன அளவில் மைதா சற்றுக் கூட, மொத்தச் சர்க்கரையும் சோடாவும் சற்றுக் குறைவு. சேலத்தில் சுடுபவர்கள் மைதாவை 140 கிராமாகக் குறைத்து, சோடாவை அரை டீஸ்பூன் ஆக்கிக்கொள்ளலாம்.

பிராந்தி கிடைக்காதபோது மாம்பள்ளி பாப்பு ஊர்ச் சரக்கைச் சேர்த்தார் என்று பார்த்தோமே! அவராவது வேறு வழியில்லாமல் மாற்றினார். குக்கீ விஷயத்தில் நம்மிடம் இருப்பது மாற்றுச் சரக்குகூட இல்லை, அசல் சரக்கே. மண்டியில் வெல்லம் வாங்கும்போது வெளுத்த கட்டியைத் தள்ளிவிட்டுக் கருத்த கட்டியைக் கேட்டு வாங்குங்கள். நாட்டுச் சர்க்கரையிலும் அப்படியே. நிறத்துக்காக விலை குறைக்காதீர்கள்.

சுட்ட குக்கீகளில் நான்கை மட்டும் டப்பாவில் மூடி, யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் ஒன்றை எடுத்து விண்டு பாருங்கள். ஓடு மாதிரி உடைகிறதா, மெத்தென்று வளைகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். மறுநாள் வரை மிஞ்சினால்தான்!